மூன்றே வயது

விமான நிலையக் கடையில் வாங்கிவந்து உறவினர் யாரோ கொடுத்த விஸ்கி பாட்டில் ஒன்று, பல வீடுகளில் பீரோவுக்குள் துணிமணிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். முகப்பில் 12 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். பன்னிரண்டு ஆண்டுகள் முதிர்ந்தது என்று பொருள். அந்த பாட்டிலைப் பத்து ஆண்டுகள் யாரும் தொடவில்லை என்று வைத்துக்கொள்வோம். இப்போது அதன் வயது 22 ஆகிவிட்டதா?

ஆகவில்லை. கண்ணாடிக்குள் ஊற்றி மூடிய நாளோடு விஸ்கியின் வயது நின்றுவிடுகிறது. ஐம்பது ஆண்டுகள் கழித்துத் திறந்தாலும் அது பன்னிரண்டு வயது விஸ்கிதான். மரப் பீப்பாயில் கிடந்த காலம் மட்டுமே வயதுக் கணக்கில் சேரும். பல பீப்பாய்களைக் கலந்து அடைத்திருந்தால், அவற்றில் ஆக இளையதன் வயதைத்தான் முகப்பில் போட வேண்டும் என்பது ஸ்காட்லாந்தின் சட்டம்.

இது தெரிந்தவுடன் அடுத்த கேள்வி எழுகிறது. மரத்துக்குள் அப்படி என்னதான் நடக்கிறது? அதற்குப் பன்னிரண்டு, பதினெட்டு ஆண்டுகள் கட்டாயம் தேவையா? தேவை என்றால், 2009 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலிருந்து மூன்றே வயதான ஒரு சிங்கிள் மால்ட் வெளிவந்தபோது, விஸ்கியை நன்கு அறிந்தவர்கள்கூட அதைத் தேடி வாங்கியது ஏன்? ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு வடித்த விஸ்கிக்குத்தான் சிங்கிள் மால்ட் என்று பெயர். அந்த ஆலையின் பெயர் கில்ஹோமன். இந்த அத்தியாயம் முழுக்க அதன் பீப்பாய் ஒன்றையே பின்தொடரப் போகிறோம்.

வயலும் வாலையும்

ஐலா, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் இருக்கும் தீவு. மக்கள்தொகை மூவாயிரத்துச் சொச்சம். மரங்கள் குறைவு, காற்றும் மழையும் அதிகம். நிலத்தின் கணிசமான பகுதியைப் பீட் மூடியிருக்கிறது. செடிகொடிகளும் பாசியும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஈரத்தில் மட்கி, கரியாக மாறும் வழியில் பாதியில் நிற்கும் கரிய மண்தான் பீட். செங்கல் போல வெட்டிக் காயவைத்தால் நன்றாக எரியும். விறகுக்கு வழியில்லாத தீவில் அடுப்பெரித்தது அதுதான்.

ஸ்காட்லாந்தில் காய்ச்சி வடித்த மதுவைப் பற்றிக் கிடைக்கும் முதல் எழுத்துச் சான்று 1494ஆம் ஆண்டின் அரசுக் கணக்கேடு. அரசர் ஆணைப்படி மது வடிப்பதற்காக ஜான் கோர் என்ற துறவிக்கு எட்டு போல் மால்ட் வழங்கியதாக அதில் ஒரு வரி இருக்கிறது. போல் என்பது அக்காலத் தானிய அளவை; மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. ஐலாவுக்கு இந்தக் கலையைக் கொண்டுவந்தவர்கள் பீட்டன் குடும்பத்தார் என்று தீவில் வழிவழியாகச் சொல்கிறார்கள். அயர்லாந்திலிருந்து வந்து, தீவுகளின் தலைவர்களுக்குப் பரம்பரை மருத்துவர்களாக இருந்தவர்கள் அவர்கள். மருத்துவ நூல்களை கேலிக் மொழியில் எழுதிவைத்தவர்கள். அவர்களுக்கு நிலம் இருந்த பாலினபி, கில்ஹோமன் வட்டாரத்தில்தான் இருக்கிறது. நம் சித்த மருத்துவர்கள் தீநீர் வடிக்கும் கலத்துக்கு வாலை என்று பெயர். காய்ச்சி வடிக்கும் செப்புக் கலத்தை இனி நானும் வாலை என்றே சொல்கிறேன்.

மருத்துவரிடமிருந்த கலை உழவரின் கைக்குப் போனதற்கு வலுவான காரணம் உண்டு. ஈரம் நிறைந்த தீவில் பார்லி எளிதில் பூஞ்சை பிடித்துவிடும். பாதையில்லாத ஊரிலிருந்து மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுபோவதும் பெரும்பாடு. அதே பார்லியைச் சாராயமாக வடித்தால் கெடாது, சுமையும் குறையும், விலையும் கூடும். மிஞ்சிய சக்கை குளிர்காலத்தில் மாட்டுக்குத் தீவனம். இப்படிப் பண்ணைதோறும் ஒரு சிறு வாலை இருந்தது. உரிமம் பெற்று வடிப்பதைக் கட்டுப்படியாகும்படி செய்த 1823ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, பெரிய ஆலைகள் வளரப் பண்ணை வாலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ப்ருக்லாடி, புன்னஹாவன் என்ற ஆலைகள் 1881இல் எழுந்தன. அவற்றுக்குப் பிறகு 124 ஆண்டுகள் தீவில் புது ஆலையே கட்டப்படவில்லை.

2005இல் ஆந்தனி வில்ஸ் என்பவர் தீவின் மேற்குக் கோடியில், மாக்கிர் விரிகுடாவுக்கு அருகே, ராக்சைடு என்ற பண்ணையின் பழைய கட்டடங்களில் கில்ஹோமன் ஆலையைத் தொடங்கினார். பண்ணையில் விளையும் பார்லியை அங்கேயே முளைகட்டி, அங்கேயே வடித்து, முதிரவைத்து, பாட்டிலிலும் அடைப்பது என்பது அவருடைய திட்டம். தேவைப்படும் மால்ட் முழுவதும் பண்ணையிலேயே கிடைத்துவிடாது. கணிசமான பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறார்கள். ஆனால் முழுக்க முழுக்கப் பண்ணைப் பார்லியில் வடித்ததைத் தனியாக எடுத்துவைத்து, ‘100% ஐலா’ என்ற பெயரில் 2011 முதல் வெளியிட்டு வருகிறார்கள். முதல் பீப்பாயை 2005 டிசம்பரில் நிரப்பினார்கள்.

பீப்பாய்க்கு முன்பே பாதி முடிந்துவிடுகிறது

விஸ்கியின் சுவை முழுக்க மரம் தருவது என்று பலர் நம்புகிறார்கள். பீப்பாயில் ஊற்றும் முன்பே முக்கியமான பல முடிவுகளை எடுத்து முடித்திருப்பார்கள்.

பார்லியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கல்தரையில் பரப்புகிறார்கள். விதை உயிர்பெற்று முளைவிடும். அப்போது அதற்குள் நொதிகள் உண்டாகின்றன. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் புரதங்கள் அவை. முளைக்கும்போது விதை சூடாகும், வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதனால் இரவும் பகலும் மரக் கரண்டிகளால் கிளறிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வார அளவில், முளை சர்க்கரையைத் தின்று தீர்ப்பதற்குள், சூளையில் ஏற்றி உலர்த்திவிடுகிறார்கள்.

அந்தச் சூளையில்தான் ஐலாவின் கையெழுத்து விழுகிறது. ஈர பார்லிக்கு அடியில் பீட்டை மூட்டினால், அதன் புகையிலுள்ள பீனால் என்ற வகை வேதிப்பொருள்கள் தானியத்தின் உமியில் ஒட்டிக்கொள்ளும். மருத்துவமனை வாடை, தார் வாடை, கடற்கரையில் அணைந்த நெருப்பின் வாடை என்று குடிப்பவர்கள் விவரிப்பதெல்லாம் இந்தப் பீனால்கள்தான். பார்லி உலர்ந்துவிட்டால் புகை அவ்வளவாக ஒட்டாது. ஆகவே ஈரம் இருக்கும்போதே புகையூட்டி, பிறகு வெறும் வெப்பக் காற்றில் காயவைக்கிறார்கள்.

மால்ட்டை அரைத்து வெந்நீரில் கரைத்து, இனிப்பான சாற்றை வடித்து, ஈஸ்ட் போட்டு நொதிக்கவிடுகிறார்கள். நம்மூரில் ஊறல் என்று சொல்வோமே, அந்தக் கட்டம் இது. பீரைவிடச் சற்றுக் காட்டமான ஊறல் கிடைக்கும். அதைச் செப்பு வாலைகளில் இரண்டு முறை வடிக்கிறார்கள்.

இரண்டாம் வடிப்பில் சொட்டுவதெல்லாம் விஸ்கி ஆகாது. முதலில் வருவது தலை. மெத்தனால் போன்றவை கலந்த, மூக்கை அரிக்கும் பகுதி. கடைசியில் வருவது வால். எண்ணெய்ப் பிசுக்கும் கனத்த வாடையும் கொண்டது. இடையில் வரும் நடுப்பகுதியை மட்டும் பீப்பாய்க்கு அனுப்பிவிட்டு, மற்ற இரண்டையும் அடுத்த வடிப்பில் திரும்பச் சேர்க்கிறார்கள். நடுப்பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை முடிவுசெய்வது வாலைக்காரர். என் கண்ணில், ஒரு விஸ்கியின் தலையெழுத்தை மற்ற எதையும்விட அதிகம் நிர்ணயிப்பது அந்த முடிவுதான். வால் பகுதியை அதிகம் சேர்த்தால் சாராயம் கனமாக இருக்கும். அந்தக் கனம் மென்மையாகப் பல ஆண்டுகள் வேண்டும். இளமையிலேயே விற்க நினைக்கும் ஆலை வால் பகுதியை முன்னதாகவே வெட்டி, தூய்மையான சாராயத்தை எடுக்கும்.

பீனால்களில் கனமானவை பின்னால்தான் வந்து சேர்கின்றன. சீக்கிரம் வெட்டினால் புகை குறையும், தாமதித்தால் பிசுக்கு ஏறும். இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளியைப் பிடிப்பதுதான் ஐலா வாலைக்காரரின் திறமை.

வாலையைச் செம்பில் செய்வதும் அழகுக்காக அல்ல. நொதித்தலின்போது உண்டாகும் கந்தகச் சேர்மங்களுக்கு வெந்த முட்டைக்கோஸின் வாடை. ஆவி செம்பின் மேல் படும்போது அந்தச் சேர்மங்கள் உலோகத்தோடு வினைபுரிந்து தங்கிவிடுகின்றன. அதனால்தான் வாலைகளின் செம்பு உள்ளிருந்து தேய்ந்துகொண்டே வரும்; சில காலத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். கில்ஹோமனின் வாலைகள் சிறியவை. சிறிய வாலையில் ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் செம்புப் பரப்பு அதிகம்.

ஒரு பீப்பாய், 200 லிட்டர்

இப்போது வெளிவந்திருக்கும் சாராயம் தண்ணீர்போல நிறமற்றது. நீர் கலந்து வலிமையைச் சுமார் 63 சதவீதத்துக்குக் கொண்டுவந்து பீப்பாயில் ஊற்றுகிறார்கள். கில்ஹோமன் பெரும்பாலும் பயன்படுத்துவது, அமெரிக்காவின் கென்டக்கியில் போர்பன் மது இருந்து காலியான பீப்பாய்களை. அங்கே போர்பனை ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்து உள்ளே கருக்கிய ஓக் கலத்தில்தான் முதிரவைக்க வேண்டும் என்று சட்டம். ஒரு முறை பயன்படுத்திய பீப்பாய்கள் அட்லாண்டிக்கைக் கடந்து ஸ்காட்லாந்துக்கு வந்துவிடுகின்றன.

பீப்பாய்க்குள் மூன்று வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன.

முதல் வேலை நீக்குவது. உட்சுவரில் கருகிய கரி, சாராயத்தில் மிச்சமிருக்கும் கந்தக வாடையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இது சீக்கிரம் நடந்துவிடும். முதல் சில ஆண்டுகளிலேயே பச்சை வாடையின் பெரும்பகுதி போய்விடும்.

இரண்டாவது சேர்ப்பது. ஓக் மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின் என்ற பொருள் வெப்பத்தில் உடைந்து வெனிலின் ஆகியிருக்கும். ஐஸ்கிரீமில் நமக்குத் தெரிந்த அதே மணம். மரத்தின் சர்க்கரைகள் கருகிக் கேரமல் ஆகியிருக்கும். லாக்டோன் என்ற பொருள் தேங்காய் மணம் தரும். துவர்ப்பும் பொன்னிறமும் மரத்தின் டானின்களிலிருந்தும் அவை போன்ற பிற பொருள்களிலிருந்தும் வருகின்றன. இந்தச் சேர்ப்பு சீரான வேகத்தில் நடப்பதில்லை. காபி வடிகட்டியில் முதல் டிக்காக்ஷன் கெட்டியாகவும் இரண்டாவது நீர்த்தும் இறங்குவதுபோல, முதல் ஆண்டுகளில் மரம் அள்ளிக் கொடுக்கும், பிறகு கஞ்சனாகிவிடும். அதே பீப்பாயில் இரண்டாம், மூன்றாம் முறையாக வேறு சாராயம் ஊற்றினால் இன்னும் குறைவாகவே கிடைக்கும்.

மூன்றாவது, மாற்றுவது. ஓக் பலகை திரவத்தைத் தாங்கும், காற்றை மிக மெல்ல உள்ளே விடும். அந்தத் துளி ஆக்சிஜன் ஆல்கஹாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அமிலங்களாக்குகிறது. அமிலமும் ஆல்கஹாலும் கூடி எஸ்டர்கள் உண்டாகின்றன. பழ வாசனை தருபவை இவை. மூன்றில் அவசரப்படுத்த முடியாத வேலை இதுதான். இருபது வயது விஸ்கிக்கு வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் நியாயமான பங்கு இதற்குத்தான் போகிறது.

இவற்றோடு ஓர் இழப்பும் உண்டு. காற்று உள்ளே வரும் வழியில் ஆவி வெளியே போகிறது. விஸ்கிக்காரர்கள் இதைத் தேவதைகளின் பங்கு என்று சொல்வார்கள். ஸ்காட்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம். நம் 200 லிட்டர் பீப்பாயில் முதல் ஆண்டு 4 லிட்டர் போய்விடும், மிச்சம் 196. மூன்றாம் ஆண்டு முடிவில் 188 லிட்டர். பன்னிரண்டாம் ஆண்டு முடிவில் ஏறக்குறைய 157. பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்த உரிமையாளர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காற்றுக்குக் கொடுத்திருக்கிறார்.

இதே பீப்பாயை இப்போது பெங்களூருக்குக் கொண்டுவருவோம். கற்பனைக்காக அல்ல, அங்கே உண்மையிலேயே சிங்கிள் மால்ட் முதிர்கிறது. 1948இல் தொடங்கிய அம்ருத் நிறுவனம், மைசூர் சாலையில் கம்பிபுராவிலுள்ள தன் ஆலையில் வடித்த சிங்கிள் மால்ட்டை 2004இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே அறிமுகப்படுத்தியது. கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் ஐலாவோடு ஒப்பிட்டால் பெங்களூர் மிகச் சூடான ஊர். அங்கே ஆவியாவது ஆண்டுக்கு 10 முதல் 12 சதவீதம். 11 என்று வைத்துக் கணக்கிடுவோம். முதல் ஆண்டு முடிவில் 178 லிட்டர், இரண்டாம் ஆண்டு முடிவில் 158. ஐலாவில் பன்னிரண்டு ஆண்டுகளில் போனது இங்கே இரண்டே ஆண்டுகளில் போய்விட்டது. ஐந்தாம் ஆண்டு முடிவில் 112. பன்னிரண்டு ஆண்டுகள் வைத்திருந்தால் 49 லிட்டர்தான் மிஞ்சும். பெங்களூர் விஸ்கியின் முகப்பில் 12, 18 என்ற எண்களை எளிதில் காண முடியாததற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

வெப்பம் ஆவியாவதை மட்டும் முடுக்குவதில்லை. மரத்திலிருந்து சாறு இறங்குவதும் விரைகிறது. பெங்களூரின் ஓர் ஆண்டு ஸ்காட்லாந்தின் மூன்று ஆண்டுகளுக்குச் சமம் என்று இத்தொழிலில் ஒரு கணக்குச் சொல்வார்கள். சாறு இறங்குவதைப் பொறுத்தவரை அதை ஏற்கலாம். மூன்றாவது வேலை, அந்த மெதுவான மாற்றம், அதே விகிதத்தில் விரைவதில்லை. எனவே நான்கு வயது பெங்களூர் விஸ்கியைப் பன்னிரண்டு வயது ஸ்காட்ச்சின் நகல் என்று சொல்வது பிழை. அது வேறொரு பண்டம், அந்த ஊரின் வெயிலில் விளைந்தது. அம்ருத்தின் ஃப்யூஷன் விஸ்கியை விஸ்கி விமர்சகர் ஜிம் மர்ரே தன் 2010ஆம் ஆண்டு விஸ்கி கையேட்டில் உலகின் மூன்றாவது சிறந்ததாக வைத்தபோது, அவர் அதன் வயதைப் பார்த்து மதிப்பெண் போடவில்லை.

குளிர்ந்த தீவில் மூன்று ஆண்டு போதுமா?

ஐலாவில் பெங்களூர் வெயில் கிடையாது. கோடைப் பகலிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரிக்குள்ளேயே இருக்கும். அப்படியானால் கில்ஹோமனின் மூன்று வயது விஸ்கி எப்படித் தேறியது?

இதுவரை பார்த்தவற்றிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. சிறிய செப்பு வாலைகளிலிருந்து தூய்மையான நடுப்பகுதி. வீரியம் குறையாத போர்பன் பீப்பாய். முதல் வெளியீட்டில் இருந்த விஸ்கியைக் கடைசிச் சில மாதங்கள் ஸ்பெயினின் ஒலரோசோ ஷெர்ரி மது இருந்த பீப்பாய்களுக்கு மாற்றியிருந்தார்கள். உலர்திராட்சையின் இனிப்பு அங்கிருந்து வந்தது.

மீதி விடை புகையில் இருக்கிறது. மற்ற மணங்கள் பீப்பாயில் வளர்கின்றன, பீட் புகையோ ஆண்டுக்காண்டு தணிகிறது. ஆகவே புகையூட்டிய விஸ்கி தன் முழு வேகத்தில் இருப்பது இளமையில்தான். இருபத்தைந்து வயது ஐலா விஸ்கியில் புகை பின்னணிக்குப் போய் மரமும் பழமும் முன்னே வந்திருக்கும். மூன்று வயதில் புகை முன்னால் நிற்கும், அதற்கு அடியில் பார்லியின் தானிய இனிப்பும் எலுமிச்சைச் சாயலும் இன்னும் மரத்தால் மூடப்படாமல் இருக்கும். புகையே இல்லாத மென்மையான விஸ்கியாக இருந்தால் மூன்று வயதின் பச்சைத்தன்மை துருத்திக்கொண்டு தெரியும். ஐலாவின் மண், இளம் விஸ்கிக்கு இயல்பாகவே இடம்கொடுக்கும் மண்.

மூன்று என்ற எண்

ஸ்காட்லாந்தில் 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள் இருந்தால்தான் சாராயம் ஸ்காட்ச் விஸ்கி என்ற பெயரைப் பெறும். ஏன் மூன்று? வேதியியல் ஆய்வில் கண்டறிந்த எண் என்று நினைக்கத் தோன்றும். முதல் உலகப் போர்க்காலத்தின் அரசியல் தந்த எண் அது. தொழிற்சாலைத் தொழிலாளர்களின் குடி போர்த் தளவாட உற்பத்தியைக் கெடுக்கிறது என்ற கவலை பிரிட்டிஷ் அரசுக்கு இருந்தது. முதிராத சாராயத்தைக் கட்டுப்படுத்த 1915இல் சட்டம் வந்தது. முதலில் இரண்டு ஆண்டுகள் என்றும் 1916இல் மூன்று ஆண்டுகள் என்றும் வைத்தார்கள். (முதிர்ந்தது உடலுக்குத் தீங்கு குறைவு என்று அன்று பலர் நம்பினார்கள். எத்தனை ஆண்டு மரத்தில் கிடந்தாலும் எத்தில் ஆல்கஹால் எத்தில் ஆல்கஹால்தான்; கல்லீரலுக்கு வயது தெரியாது.)

அதற்கு முன்பு, பண்ணை வாலைகளின் காலத்தில், பீப்பாய் பெரும்பாலும் கொண்டுபோகும் கலமாக மட்டுமே இருந்தது. வடித்த சாராயத்தைச் சில வாரங்களிலோ மாதங்களிலோ விற்றார்கள், குடித்தார்கள். குத்தகை கட்ட வேண்டிய உழவர் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க முடியாது. வயதைப் பெருமையாக முகப்பில் போடும் வழக்கம், ஐலாவின் வடிப்பு வரலாற்றில் மிகப் பிந்தியது. கில்ஹோமனின் மூன்று வயது விஸ்கியைப் புதுமை என்று பலர் வரவேற்றார்கள். பண்ணையிலேயே வடித்து, இளமையில் விற்ற அந்த விஸ்கியைத் தீவின் பழைய வழக்கத்துக்கு மிக அருகில் இருப்பதாகவே நான் பார்க்கிறேன். நூறாண்டுக்கு மேல் அறுந்துகிடந்த இழையை மறுபடி முடிச்சிட்டிருக்கிறார்கள்.

அந்த ஆலையின் அன்றாட வெளியீடான மாக்கிர் பே விஸ்கியின் முகப்பில் இப்போதும் வயது போடுவதில்லை. அந்த வெளிப்படையான முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. எண்ணைக் காட்டாமல், சுவைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

2019இல் கில்ஹோமன் இரண்டாவது வாலைக்கூடம் கட்டி உற்பத்தியை இருமடங்காக்கியது. ஒரே ஒரு பெரிய வாலையை வைத்திருந்தால் செலவு குறைந்திருக்கும். பழைய சிறு வாலைகளின் அளவிலும் வடிவத்திலுமே புதியவற்றையும் செய்துவைத்தார்கள். செம்பின் வளைவு மாறினால் ஆவியின் பாதை மாறும், சாராயமும் மாறிவிடும். தீவின் தென்கரையில் 1983இல் மூடிய போர்ட் எலன் ஆலை 2024 மார்ச்சில் மீண்டும் திறந்தபோதும், பழைய வாலைகளின் வடிவத்தை அப்படியே திரும்பச் செய்துதான் முதல் ஊறலைக் காய்ச்சினார்கள். அந்தச் சாராயம் இப்போது பீப்பாயில் கிடக்கிறது. 2027 வரும்வரை அதை விஸ்கி என்று அழைக்கச் சட்டம் இடம் தராது.